கண்டக்டர் கூவுவதை கிட்டாரில் வாசிப்பது எப்படி?

கிட்டார் வாங்கி ஆறு மாதம் ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேலை (ஐந்து ஸ்வர வரிசை) மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்கு வந்த அத்தை, "இன்னும் சுருதிதான் கூட்டிக்கிட்டு இருக்கியா, எப்போடா வாசிப்பே?" என்று கேட்டுவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ஸ்வரமெல்லாம் சரியாக விழுந்தது, பேச்சுதான் இல்லை.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். "கிஷ்ணகிரி கிஷ்ணகிரி" என்று விறுவிறுவெனச் சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "ஓசூ...ர்" என்று இழுத்து முடிப்பார் கண்டக்டர். அந்த ஒரு மூச்சில்தான் நாம் திரும்பிப் பார்ப்போம்.

முதலில் ஒரே ஸ்வரம் போதும்: நான்காவது கம்பி (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணினால்), ஏழாவது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டு), அதாவது ஏ என்ற ஸ்வரம். வாயால் கூவிக்கொண்டே வாசியுங்கள் (கதவைச் சாத்திக்கொள்ளலாம்). "கிஷ்" அழுத்தமாக, "ரி" மெல்லமாக. மூச்சு விடும் இடத்தில் இடது கை விரலால் கம்பியை லேசாகத் தொட்டு ஒலியை நிறுத்துங்கள், அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தால் இடைவெளியே தெரியாது.

அப்புறம் மூன்றாவது கம்பியில் 5, 7, இரண்டாவது கம்பியில் 5, 8 ஆகிய ஃப்ரெட்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டு. இரண்டு பார் (ஒரு பார் என்றால் நாலு தட்டு) வாசித்துவிட்டு இரண்டு பார் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவை மூன்றாவது கம்பி ஏழில் நிறுத்தினால் கேள்வி கேட்டது போல் தொங்கும். அடுத்த தடவை ஏ-யில் வந்து உட்காருங்கள், பதில் சொன்னது போல் இருக்கும்.

சரி, இனி பென்ட், அதாவது கம்பியைத் தள்ளி ஸ்வரத்தை ஏற்றுவது. இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டி, அந்த ஒலியைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்றாவது கம்பி ஏழில் மோதிர விரலை வைத்து, பின்னால் நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் துணைக்குக் கொடுத்து, மூன்றும் சேர்ந்து கம்பியை மேலே தள்ள வேண்டும், அந்த ஒலி வரும்வரை. கொஞ்சம் குறைந்தாலும் அபஸ்வரம்தான். அகூஸ்டிக் கிட்டாரில் கம்பி தடிமன் என்பதால் விரல் வலிக்கும். அப்போது பென்டுக்குப் பதில் அதே கம்பியில் விரலை எடுக்காமல் ஏழிலிருந்து ஒன்பதுக்கு ஸ்லைடு செய்யுங்கள், அதே ஸ்வரம் கிடைக்கும்.

"ஓசூ...ர்" என்று இழுக்கிறோமே, அங்கேதான் வைப்ராட்டோ, அதாவது ஸ்வரத்தை அசைப்பது. தொட்டவுடனே நடுக்காதீர்கள். ஸ்வரம் நேராக நிற்கட்டும், பிறகு பூட்டில் சாவி திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்பி, மெதுவாக, ஒரே சீராக அசையுங்கள். நாதஸ்வரத்தில் ஒரு ஸ்வரத்தை நிற்கவிட்டு அப்புறம் அசைப்பதைக் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

தினமும் ஒரு நிமிடம் செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். புதுக் கம்பி மாட்டியிருந்தால் நாலு பென்டுக்குள் சுருதி இறங்கிவிடும், நிறுத்தி மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள். அத்தை கேட்டால் கேட்கட்டும்.