மஞ்சள் அணியைக் கணிக்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

மதுரைக்கென்று இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து அணி கிடையாது. ஆனாலும் கால்பந்துப் பேச்சுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தமிழ்நாட்டு அணி என்ற முறையில் சென்னையின் எஃப்.சி.யை வரித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். தேனி, போடி, கம்பம் பக்கமிருந்து படிக்கவும் பிழைக்கவும் வந்து, கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சியோடு திரிகிறவர்கள் இன்னொரு பக்கம். இதில் வியக்க ஒன்றுமில்லை. சென்னை நமக்கு 450 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. உசிலம்பட்டி, தேனி, போடி, மூணாறு என்று மலையேறி இறங்கினால் கொச்சி 300 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது.

நான் நீலக் கட்சி, அதாவது நீலச் சட்டை போடும் 'சென்னையின்' அணியின் பக்கம். இதை எழுதுவதும் நீலக் கட்சிக்காரர்களுக்காகத்தான். எதிரணியைக் கிண்டல் செய்வது ரசிகனின் பிறப்புரிமை, அதில் நான் கை வைக்கப்போவதில்லை. ஆனால் "இந்த சீசனில் அவர்கள் எந்த இடத்தில் முடிப்பார்கள்?" என்று ஒருவர் நிதானமாகக் கேட்கும்போதும் நம்மவர்கள் அதே கிண்டலைத்தான் பதிலாக நீட்டுகிறார்கள். அங்கேதான் கணிப்பு கோணலாகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சின்னத்தையும் புள்ளிப்பட்டியலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. காளவாசல் பக்கம் ஒரு டீக்கடையில் நம் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டர்ஸ் ஜெர்சியோடு ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "மாப்பிள்ளை, சச்சினுடைய பட்டப்பெயரை எடுத்து அணிக்கு வைத்தார்கள், அந்த சச்சினே 2018-இல் பங்கை விற்றுவிட்டுப் போய்விட்டார். கிரிக்கெட் பெயர் வைத்த அணி கால்பந்தில் எப்படி ஜெயிக்கும்?" என்று நம்மில் ஒருவர் ஆரம்பித்தார். பையன் டீயை ஆற்றிக்கொண்டே, "அண்ணே, உங்கள் அணியில் தோனிக்குப் பங்கு இருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?" என்று கேட்டான். கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். யானைச் சின்னம், மஞ்சள் நிறம், பெயர் என்று நாம் அடுக்குகிற எதுவும் அடுத்த ஆட்டத்தில் ஒரு கோலைக்கூடத் தடுக்காது. ஓட்டலின் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சாம்பாருக்கு மார்க் போடுகிற வேலை இது.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் கார்டிஃப் சிட்டியைப் பாருங்கள். காலங்காலமாக நீலச் சட்டையில் ஆடிய அணி. 2012-இல் மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் அதைச் சிவப்பாக மாற்றினார். சொந்த ரசிகர்களே கொதித்தார்கள், போட்டி அணிக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்த சீசனிலேயே அவர்கள் இரண்டாம் நிலை லீகை வென்று பிரீமியர் லீகுக்குள் நுழைந்தார்கள். 2014-இல் மறுபடியும் கீழே இறங்கினார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. மேலே போனதற்கும் கீழே வந்ததற்கும் சட்டையின் சாயம் காரணமில்லை. ஹல் சிட்டியின் கதையும் இதே ரகம். அணியின் பெயரை 'ஹல் டைகர்ஸ்' என்று மாற்ற உரிமையாளர் கேட்ட அனுமதியை இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் 2014 ஏப்ரலில் மறுத்தது. அடுத்த மாதம் அதே ஹல், எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் ஆர்சனலுக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்று, பிறகு 3-2 என்று தோற்றது. பெயர்ச் சண்டை உச்சத்தில் இருந்த நேரத்தில்தான் அந்த அணி இறுதிப்போட்டி வரை வந்தது.

நம் லீகிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1889-இல் தொடங்கிய மோகன் பகான், 2020-இல் கொல்கத்தாவின் இன்னொரு அணியான ஏ.டி.கே.யோடு இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனபோது கொல்கத்தாவில் அதன் ரசிகர்கள் முன்னொட்டை எடுக்கச் சொல்லிப் போராடினார்கள். அதே ஊரின் எதிரணியான ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு அது பெரிய விருந்து. ஆனால் 2023 மார்ச்சில், அந்த ஒட்டுப்போட்ட பெயரோடுதான் அவர்கள் பெங்களூருவைப் பெனால்டியில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். கோப்பையை வென்ற கையோடு உரிமையாளர் பெயர் மாற்றத்தை அறிவித்தார்.

அதற்காகச் சின்னத்தையும் பெயரையும் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. பேசுங்கள், ஆனால் தனியாகப் பேசுங்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்விகளும் வேறு. சொந்த ரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா? ஸ்டேடியத்தில் அந்த நிறம் தெரிகிறதா? தோற்ற வாரத்திலும் பையன்கள் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்களா? வெளியான முதல் நாள் கேட்ட சிரிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் பாதி நேரம் தப்பாகிவிடும். 2017-இல் யுவென்டஸ் பழைய கேடயத்தைத் தூக்கிவிட்டு வெறும் 'ஜே' எழுத்தை வைத்தபோது ஐரோப்பாவே நக்கலடித்தது. அந்தச் சின்னம் நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு லீட்ஸ் யுனைடெட், நெஞ்சில் கை வைத்து நிற்கும் மனிதனைச் சின்னமாகக் காட்டியது. அன்றைக்கே பல்லாயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், கிளப் பின்வாங்கியது. இரண்டுக்கும் முதல் நாள் கிடைத்த வரவேற்பு ஒரே மாதிரிதான். லீட்ஸில் சொந்த ரசிகர்கள் விடாமல் நின்றார்கள், அதுதான் வித்தியாசம். இந்த அளவுகோலை வைத்தால் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சளுக்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தருவேன், ஆனால் தருவேன்.

அடுத்தது, "கோப்பை இல்லாதவர்கள்" என்ற ஒற்றை வரி. சென்னையின் 2015-லும் 2017-18-லும் பட்டம் வென்றது. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என்று மூன்று இறுதிப்போட்டிகளில் தோற்றது. கிண்டலுக்கு இதைவிடத் தோதான கச்சாப்பொருள் கிடைக்காது. ஆனால் கணிப்புக்கு வருகிறவர் அந்தத் தோல்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2014-இல் ஆட்டம் முடியப்போகும் கடைசிக் கூடுதல் நிமிடங்களில் விழுந்த ஒரே கோலில் கொல்கத்தாவிடம் தோற்றார்கள். 2016-இல் சொந்த மண்ணான கொச்சியில் 1-1, பிறகு பெனால்டி. 2022-இல் 88-ஆவது நிமிடம் வரை ஹைதராபாத்துக்கு எதிராக முன்னிலையில் இருந்தார்கள். அதன்பின் சமன், மறுபடியும் பெனால்டி. மூன்றில் இரண்டை 120 நிமிட ஆட்டத்தில் அவர்கள் தோற்கவே இல்லை. இப்படிப்பட்ட அணியை "இறுதிப்போட்டி என்றால் நடுங்குவார்கள்" என்று எழுதித் தள்ளிவிட முடியாது. கோல்கீப்பர்களின் ராசி அது. 2022-இல் மூன்று பெனால்டிகளைத் தடுத்து பிளாஸ்டர்ஸின் கனவைக் கலைத்தவர் லட்சுமிகாந்த் கட்டிமணி. 2015 இறுதிப்போட்டியில் கோவா அணிக்குக் கோல் காத்தவரும் அவரேதான். 90-ஆவது நிமிடத்தில் அவர் கையில் பட்டு சுயகோல் ஆனதும், அடுத்த ஓரிரு நிமிடத்தில் நம் மெண்டோசா அடித்ததும் சேர்ந்துதான் நமக்கு முதல் கோப்பை வந்தது. அதே மனிதர், இரண்டு இரவுகள். இதை வைத்து எந்த அணியின் ஜாதகத்தையும் கணிக்க முடியாது.

போன சீசனின் இடத்தை அப்படியே அடுத்த சீசனுக்கும் நீட்டிக்கொண்டு போவது இதன் தம்பி. பிளாஸ்டர்ஸ் 2020-21-இல் பதினோரு அணிகளில் பத்தாவது. மறு சீசனின் முதல் ஆட்டத்திலேயே மோகன் பகானிடம் 4-2 என்று உதை வாங்கினார்கள். அன்று இரவு மதுரையில் நீலக் கட்சிக்குத் தீபாவளி. அந்த சீசனில்தான் அவர்கள் இறுதிப்போட்டிக்குப் போனார்கள். இந்த விளையாட்டு நமக்குப் புதிதா என்ன? 2017-18-இல் சாம்பியன், 2018-19-இல் கடைசி இடம், 2019-20-இல் மறுபடியும் இறுதிப்போட்டி என்று ஊஞ்சலாடியது நம் அணிதான். சொந்த அணிக்கு இதையெல்லாம் "போராட்டக் குணம்" என்று சொல்கிறோம், எதிரணிக்கு மட்டும் "நிலையற்ற அணி" என்று பெயர் வைக்கிறோம்.

வெளிநாட்டு வீரரின் பெயரைக் கேட்டு மிரளுவதும், பெயர் தெரியாதவர் என்றால் அலட்சியம் செய்வதும் இன்னொரு வழக்கம். 2017-18-இல் பிளாஸ்டர்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய நட்சத்திரங்களான பெர்படோவையும் வெஸ் பிரவுனையும் கொண்டுவந்தது. இங்கே பலர் கோப்பையை அப்போதே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெர்படோவ் அடித்தது ஒரே ஒரு கோல், அணி முடித்தது ஆறாவது இடம், பயிற்சியாளர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். 2021-இல் அட்ரியன் லூனா, அல்வாரோ வாஸ்கெஸ், ஹோர்ஹே பெரேரா டியாஸ் என்று அறிவித்தபோது "யார் இவர்கள்?" என்று கேட்டோம். பதில் மார்ச் மாதம் இறுதிப்போட்டியில் கிடைத்தது.

அதைவிட முக்கியமாக ஒரு கணக்கு இருக்கிறது, இதை நம்மவர்கள் போடுவதே இல்லை. 2021-22 சீசனிலிருந்து களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இருக்கலாம் என்று விதி வந்தது. அப்படியென்றால் மீதி ஏழு பேர் இந்தியர்கள். எதிரணியின் பலத்தை அளக்க வேண்டுமென்றால் அந்த ஏழிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோல்கீப்பர் யார், இரண்டு பக்கமும் தடுப்பவர்கள் யார், அவர்களில் ஒருவருக்குக் காயம் பட்டால் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்? அதே 2021-22-இல் பிளாஸ்டர்ஸின் முதல் கீப்பர் அல்பினோ கோம்ஸ் காயத்தால் விலகினார். தொலைந்தார்கள் என்று நாம் கை தட்டினோம். மாற்றாக வந்த இளைஞர் பிரப்சுகன் கில், சீசன் முடிவில் சிறந்த கீப்பருக்கான தங்கக் கையுறை விருதை வாங்கிக்கொண்டு போனார். பெஞ்சைப் பார்க்காத கணிப்பு பாதிக் கணிப்புதான். வெளிநாட்டு வீரர் ஒப்பந்தமானால் ஊரெல்லாம் செய்தி, இருபது வயது இந்தியத் தடுப்பாட்டக்காரரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் அதைப் பற்றிப் பேச ஒரு டீக்கடை கிடைப்பதில்லை.

ஒரு இரவை ஒரு கிளப்பின் குணமாக்குவதையும் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச் 3, பெங்களூரு. கூடுதல் நேரத்தில் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி சட்டென்று ஃப்ரீ கிக்கை அடித்துவிட, பிளாஸ்டர்ஸ் வீரர்கள் களத்தைவிட்டு வெளியேறினார்கள். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்குப் பத்து ஆட்டங்கள் தடை. வெளியேறியது தவறு, அதற்கு விலையும் கொடுத்துவிட்டார்கள். (விசில் ஊதாமல் அடித்த கோல் செல்லாது என்று மஞ்சள் நண்பர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அடிப்பவர் சுவரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்காதபோது, ஃப்ரீ கிக்குக்குப் பொதுவாக விசில் தேவையே இல்லை.) ஆனால் "ஓடிப்போன அணி" என்ற பட்டம் அடுத்த சீசனுக்கான கணிப்பு ஆகாது. அடுத்த ஆண்டும் அவர்கள் பிளே-ஆஃபுக்கு, அதாவது லீக் சுற்றுக்குப் பிறகு கோப்பைக்காக நடந்த நாக்-அவுட் சுற்றுக்கு, வந்தார்கள்.

லீகில் முதலிடம் என்றால் கோப்பையும் அவர்களுக்கே என்று நினைப்பவர்களுக்கு 2018 மார்ச் 17 ஒன்று போதும். லீக் சுற்றில் எல்லோரையும் தூரத்தில் விட்டுவிட்டு முதலிடம் பிடித்த பெங்களூரு, தன் சொந்த ஸ்டேடியத்தில், சேத்ரியின் கோலால் முன்னிலை பெற்ற பிறகு, நம்மிடம் 3-2 என்று தோற்றது. மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். நமக்குக் கிடைத்த அந்த இரவு யாருக்கும் கிடைக்கும், மஞ்சள் சட்டைக்கும் கிடைக்கும்.

இங்கிலாந்து லீகைப் பார்த்துப் பழகிய நாக்கு, "இந்த வருடம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவார்கள்" என்றும் சொல்லிவிடுகிறது. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் பல சீசன்களுக்கு அந்த லீகில் இறக்கமே இருந்ததில்லை, அதனால் கடைசி இடம் என்பது வெறும் அவமானமாகத்தான் இருந்தது. இங்கே அணிகளுக்கு நேர்ந்தது வேறு. டெல்லி டைனமோஸ் 2019-இல் ஒடிசாவாக மாறிப் போனது. அதே ஆண்டு புனே சிட்டியின் இடத்தில் ஹைதராபாத் வந்தது. கோப்பை வென்ற அந்த ஹைதராபாத்தும் 2025-இல் டெல்லிக்குப் பெயர்ந்தது. நம் மாநிலத்திலேயே, சென்னை சிட்டி என்ற பெயரோடு கோயம்புத்தூரில் ஆடிய அணி 2018-19-இல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகை வென்றது. இன்று அது மேடையிலேயே இல்லை. ஆகவே எதிரணியின் எதிர்காலத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறவர், அல்லது உண்மையாகவே ஆசைப்படுகிறவர், உரிமையாளர் எவ்வளவு காலம் பணம் போடுவார், அரங்கம் கையில் இருக்கிறதா, டிக்கெட் விற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது மதுரைப் பக்கத்துக்கே உரிய தவறு. வாதத்தில் தோற்கும் நிலை வந்தால் நம்மவர்களில் சிலர் முல்லைப் பெரியாற்றை எடுத்து வெளியே வைக்கிறார்கள். 1895-இல் கட்டி முடிந்த அணையின் நீர்மட்டத்துக்கும் பிளாஸ்டர்ஸின் இடது பக்கத் தடுப்பாட்டத்துக்கும் என்ன தொடர்பு? எதிரில் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் ஜெர்சிப் பையன் பல நேரம் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். அவன் அப்பாவின் வயலுக்குப் பாய்வதே பெரியாற்றுத் தண்ணீர்தான். அணை என்று பேச்சு வந்தால் அவன் நம்மைவிடச் சத்தமாகப் பேசுவான், பேசி முடித்துவிட்டு லூனாவின் ஃப்ரீ கிக்குக்குத் திரும்புவான். அங்கே நம்மிடம் பதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காருவது நல்லது.