விலைப்புள்ளியில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

புதிய வாடிக்கையாளருக்கு விலைப்புள்ளி அனுப்பும்போது, துறையில் எல்லோரும் எழுதும் ‘முன்னணி நிறுவனம்’, ‘உலகத்தரம்’ போன்ற சொற்களை நீக்கிவிட்டு, எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே தெரிவியுங்கள். அமெரிக்காவின் வாடகைக் கார் தொழிலில் ஹெர்ட்ஸுக்குப் பின்தங்கியிருந்த ஏவிஸ், 1962இல் தொடங்கிய விளம்பரங்களில் தான் இரண்டாமிடத்தில் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதனாலேயே கூடுதலாக உழைப்பதாகவும், தன் கவுன்ட்டரில் வரிசை குறைவு என்றும் சொன்னது. மார்தட்டலே வழக்கமான விளம்பர உலகில் அது நன்றாகவே எடுபட்டது. இருவர் மட்டுமே நடத்தும் கணக்கு அலுவலகம், தன்னைப் பெரிய குழுவாகக் காட்டிக்கொள்வதைவிட, ‘உங்கள் ஜிஎஸ்டி கணக்கை நானே பார்ப்பேன், மாதத்தின் 20ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் மட்டும் பதில் சற்றுத் தாமதமாகும்’ என்று எழுதலாம். இதைப் படித்துச் சிலர் விலகுவார்கள். அவர்களைத் துரத்திப் பிடிப்பதற்காக விலையைக் குறைக்க வேண்டாம்.