ஜோசையா வால்ஸின் வாழ்க்கையை எழுதப் போகிறீர்களா? பதவி பறிபோன நாளிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்து பிறகு சட்டமன்றம் போனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிறப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் தேர்தல் தகராறைத்தான் முதலில் தேடுவேன். ஒருவருடைய வெற்றி செல்லாது என்று எதிராளி முறையிட்டால் ஊர்க்காரர்கள் வந்து சாட்சி சொல்வார்கள். அதெல்லாம் சபை ஆவணங்களில் அச்சாகிக் கிடக்கும். சண்டை சச்சரவில்லாமல் ஜெயித்தவருக்கு அவ்வளவு காகிதம் சேராது.

புளோரிடாவின் முதல் கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் வால்ஸையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் வாழ்க்கைக்குறிப்புத் தொகுப்பு இணையத்தில் இலவசம். அதில் முதலில் பதவிக்காலத்தைப் பாருங்கள்: 1871 மார்ச் 4 முதல் 1873 ஜனவரி 29, மறுபடி 1873 மார்ச் 4 முதல் 1876 ஏப்ரல் 19. அந்தக் காலத்தில் பதவி முடிய வேண்டிய நாள் மார்ச் 3. வேறு தேதியில் முடிந்தால் ஆள் இறந்திருக்க வேண்டும், விலகியிருக்க வேண்டும், இல்லை வெளியேற்றியிருக்க வேண்டும். வால்ஸை இரண்டு முறையும் சபைதான் வெளியேற்றியது. அவர் இடம் முதலில் சைலஸ் நிப்ளாக்குக்குப் போனது, அடுத்து ஜெஸ்ஸி ஃபின்லிக்கு. இந்த ஃபின்லி, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கச் சண்டையிட்ட தெற்குப் படையில் ஜெனரலாக இருந்தவர்! எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

சபைப் பேச்சுகளைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும். 1873 மார்ச் வரை அவை அச்சான தொகுப்பு 'காங்கிரஷனல் குளோப்', அதன் பிறகு 'காங்கிரஷனல் ரெக்கார்டு'. வால்ஸ் இரண்டிலும் இருக்கிறார். தேசியக் கல்வி நிதிக்காகப் பேசியது முன்னதில், 1874இல் கியூபா கிளர்ச்சியாளர்களுக்காகப் பேசியது பின்னதில்.

படைப் பதிவுக்கு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம். ஆள் பெயரை மட்டும் நம்பாமல் படைப்பிரிவைப் பிடியுங்கள். வால்ஸ் வர்ஜீனியாவில் 1842இல் பிறந்தவர், தெற்குப் படையில் வலுக்கட்டாயமாக வேலைக்குச் சேர்க்கப்பட்டு, 1862இல் யார்க்டவுனில் வடக்குப் படையிடம் சிக்கியவர். 1863 ஜூலையில் பிலடெல்பியாவில் கறுப்பினத்தவரின் 3ஆம் காலாட்படையில் சேர்ந்தார். அந்தப் படை மறு ஆண்டு புளோரிடாவுக்குப் போனது. வர்ஜீனியாக்காரர் புளோரிடாவுக்கு எப்படி வந்தார் என்பதற்கு விடை அதுதான்.

இளமைக்காலத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1850, 1860 கணக்குகளின் அடிமைப் பட்டியல்களில் வயது, பால், நிறம் இருக்கும். பெயர் அநேகமாக இருக்காது. அடிமையாக இருந்தவர்களில் பெரும்பாலோர் பெயரோடு பதிவானது 1870இல்தான்.

கடைசிக் காலத்துக்கு நாடாளுமன்ற ஆவணம் உதவாது. 1895 உறைபனியில் அவர் பண்ணை அழிந்தது. பிறகு டல்லஹாசியில் கறுப்பின மாணவர்களின் கல்லூரிப் பண்ணையைக் கவனித்துக்கொண்டு அங்கேயே 1905இல் இறந்தார். அந்தக் கல்லூரியின் பழைய பதிவுகளையும் புளோரிடா மாநில ஆவணக் காப்பகத்தையும்தான் நீங்கள் தட்ட வேண்டும்.