ஆட்டோமேட்டிக் கியர் சண்டித்தனம் செய்தால்: பாக்ஸைக் கழற்றும் முன் நடக்கும் தவறுகள்

இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போகும் இடத்தில் இன்ஜின் ஒரு நொடி சும்மா கத்துகிறது, வண்டியில் இழுவையே இல்லை. பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'தொப்' என்று கியர் விழுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆட்டோமேட்டிக்கில் வைத்திருப்பவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் சத்தம் அது. "பாக்ஸ் போச்சு" என்று பக்கத்து சீட்டிலிருந்து தீர்ப்பும் வந்துவிடும். அந்தத் தீர்ப்பை நம்பி நேராக கியர்பாக்ஸை இறக்குவதுதான் நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் தவறு.

அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்குக் கண் கிடையாது. ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, இன்ஜின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதெல்லாம் ஒரு கேபிள் வழியாகவோ, வேக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சும் விசையைக் கொண்டுபோகும் குழாய்) வழியாகவோ, சென்சார் வழியாகவோ அதற்குப் போய்ச் சேர வேண்டும். வருகிற சேதி தப்பு என்றால் புத்தம்புது பாக்ஸும் தப்பாகத்தான் மாறும்.

இதற்கு 700ஆர்4 பாக்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை. 1982 செவ்ரலே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த நான்கு கியர் பாக்ஸ் அது. த்ராட்டிலிலிருந்து (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜினில் திறக்கும் காற்றுக் கதவு) அதற்கு ஒரு கேபிள் போகும்; டி.வி. கேபிள் என்பார்கள், த்ராட்டில் வால்வின் சுருக்கம். பழைய டர்போ 350 பாக்ஸிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கேபிள் உண்டு. ஆனால் அதன் வேலை கிக்டவுன் மட்டும், அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தால் கீழ் கியருக்கு இறக்குவது. அதில் கை பழகியவர்கள் இதையும் கிக்டவுன் கேபிள் என்றே நினைத்து, "கொஞ்சம் லூஸாக இருந்தால் என்ன?" என்று விட்டுவிடுகிறார்கள். 700ஆர்4-ல் கியர் எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதோடு, உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ஆயில் பிரஷரையும் அந்தக் கேபிள்தான் நிர்ணயிக்கிறது.

இதில் ஒரு ஏமாற்று வேலை ஒளிந்திருக்கிறது. கேபிள் லூஸானால் கியர்கள் சீக்கிரமாக, வெண்ணெய் மாதிரி மாறும். ஓட்டுகிறவருக்கு சந்தோஷம். உள்ளேயோ பிரஷர் போதாமல் பிளேட்டுகள் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். மூன்றாவது, நான்காவது கியருக்கான கிளட்ச் முதலில் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியவர், கேபிளை அட்ஜஸ்ட் செய்யவில்லை. சில வாரம் "இப்போதுதான் வண்டி ஸ்மூத்தாக ஓடுகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாக்ஸ் வழுக்க ஆரம்பித்தது, இறக்கி ரீபில்டும் செய்தாயிற்று. திரும்ப மாட்டியபோதும் யாரும் கேபிளைத் தொடவில்லை. புதுப் பிளேட்டுகளும் அதே வழியில் போயின.

அட்ஜஸ்ட்மென்ட் என்னவோ ஐந்து நிமிட வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரின் சின்னப் பொத்தானை அழுத்தியபடி, ஸ்லைடரை த்ராட்டிலிலிருந்து விலகும் திசையில் முட்டும்வரை தள்ளுங்கள். பொத்தானை விட்டுவிட்டு, த்ராட்டிலைக் கையால் முழுசாகத் திறந்தால் 'டிக் டிக்' என்று தானே நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும். கார்புரேட்டரையே வேறு மாடலுக்கு மாற்றியிருந்தால் கேபிள் கோக்கும் இடத்தின் கோணமும் மாறியிருக்கும். அப்போது இந்த அட்ஜஸ்ட்மென்ட் மட்டும் போதாது.

கேபிளுக்குப் பதில் வேக்குவத்தை நம்பும் பாக்ஸ்களும் உண்டு. 1977-லிருந்து ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ்.ஸில் வந்த டர்போ 400 அப்படித்தான். அதன் மாடுலேட்டரில் (வேக்குவத்தை உணரும் சின்ன டப்பா) உள்ள டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் இன்ஜின் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். கியர் தாமதமாக, முரட்டுத்தனமாக விழும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் ஆயில் குறையும். புகையைப் பார்த்து இன்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. மாடுலேட்டரில் செருகிய ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள்: உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

ஆயில் அளவு பார்ப்பதிலும் கோட்டை விடுகிறோம். இன்ஜின் ஆயில் மாதிரி நிறுத்தி, ஆறவிட்டுப் பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். பெரும்பாலான பழைய பாக்ஸ்களில் சமதரையில், நன்றாகச் சூடேறி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கிரைஸ்லர் டார்க்ஃபிளைட்டில் நியூட்ரல். டிப்ஸ்டிக்கே இல்லாத இசட்.எஃப் 5ஹெச்.பி. வகை பாக்ஸ்களில் பக்கவாட்டு பிளக்கைத் திறந்து, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது பார்க்க வேண்டும். குறைவதற்கு பயந்து அதிகம் ஊற்றினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் பிரஷர் நிற்காது. ஆயில் குறைந்தால் எப்படி வழுக்குமோ அப்படியே வழுக்கும்.

கருகிய வாசனை அடித்தால் எந்திரம் வைத்துப் பழைய ஆயிலை அலசி வெளியேற்றும் ஃப்ளஷ் எனக்கு உடன்பாடில்லை. முதலில் பாக்ஸின் அடியிலுள்ள ஆயில் தட்டை இறக்கிப் பாருங்கள். அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலை வேண்டாம். கறுப்புத் துணுக்குகளோ பித்தளைப் பொடியோ இருந்தால் எந்தப் புது ஆயிலும் அதைக் காப்பாற்றாது.

சீரான வேகத்தில் போகும்போது நடுக்கம் வந்தால் உடனே டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) குறை சொல்லாதீர்கள். லாக்அப் ஆகும்போது, அதாவது கன்வெர்ட்டருக்குள் கிளட்ச் பிடிக்கும்போது, ஆர்.பி.எம். சற்று இறங்குவதைப் பலர் இன்னொரு கியர் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் இடதுகாலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். லாக்அப் விலகி முள் சில நூறு ஏறும். நடுக்கமும் நின்றால் சந்தேகம் இரண்டு பேர் மேல்தான்: கன்வெர்ட்டர், இல்லையென்றால் ஸ்பார்க் பிளக். லாக்அப்பில் இன்ஜினும் பாக்ஸும் நேராகக் கோத்திருப்பதால், சாதாரணமாகத் தெரியாத மிஸ்ஃபயர்கூட (இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) அப்போது முதுகில் தெரியும். பிளக்கை முதலில் பாருங்கள், விலை குறைவு.

எலக்ட்ரானிக் பாக்ஸ்களில், உதாரணமாக 1994 கார்வெட்டின் 4எல்60ஈ-யில், ஸ்கேனர் சோலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்சார வால்வு) பற்றிய பிழைக் குறியீடு காட்டியதும் சோலனாய்டை வாங்க ஓடுகிறார்கள். அந்தக் குறியீடு பெரும்பாலும் அந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்கிறது. வயர், கனெக்டர், பேட்டரி வோல்டேஜ் எல்லாம் அதில் அடக்கம். மெர்சிடிஸின் 722.6 பாக்ஸில் கனெக்டர் சீல் கசிந்து, ஆயில் வயரிங்கிற்குள் ஏறுவது பிரசித்தம். வண்டி லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போய் இரண்டாவது கியரிலேயே நிற்கும். அணைத்துப் போட்டால் சரியாகிவிட்டது என்று ஓட்டிப் போய்விடுகிறோம். பிழைக் குறியீட்டைப் படிக்கும் முன் அழித்துவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு வழுக்கினால், ஸ்டால் டெஸ்ட் என்று பிரேக்கை மிதித்து ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தும் ஆசை வரும். ஐந்து நொடிக்கு மேல் பிடித்தால் ஆயில் கொதித்துவிடும். இன்ஜினைத் தாங்கும் பழைய மவுண்ட்டுகளும் தாங்காது. அதற்குப் பதில், பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் பிரஷர் போர்ட்டில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கேஜ் ஒன்றை மாட்டி, மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிரஷர் குறைவு என்றால் ஃபில்டர், அதன் சீல், பம்ப் என்று தேட இடமிருக்கிறது. பிரஷர் சரியாக இருந்தும் அதே கியரில் வழுக்கினால், இப்போது பாக்ஸை இறக்கலாம்.