வேறொரு கணினியின் நிரலை உங்கள் திரையில் திறப்பது எப்படி? எக்ஸ் விண்டோ: தொடக்கப் பாடம்

வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உள்ளறையில் இருக்கும் மேசைக்கணினி வேகமானது. அதில் லினக்ஸ் ஓடுகிறது, படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளும் அதில்தான் இருக்கிறது. கையில் இருப்பதோ பழைய மடிக்கணினி. கிம்ப் உள்ளறையிலேயே ஓட வேண்டும். அதன் சாளரம் மட்டும் மடிக்கணினித் திரையில் வந்து நிற்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1984-இல் உருவான எக்ஸ் விண்டோ முறைமை இந்த வேலைக்கென்றே பிறந்தது. இன்றும் புழக்கத்தில் உள்ள எக்ஸ்11 வடிவம் 1987-இல் வந்தது.

கட்டளைகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நானும் இங்கேதான் பல நாள் நின்றேன். சர்வர் என்றாலே எங்கோ தொலைவில் இருக்கும் பெரிய இயந்திரம் என்று நமக்குப் பழகிவிட்டது. எக்ஸில் சர்வர் உங்கள் கண்முன் இருக்கும் கணினியில் ஓடுகிறது. திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றும் அதன் பொறுப்பு. “எனக்கு வரைய ஓர் இடம் கொடு” என்று அதனிடம் கேட்டு வரும் நிரல்தான் கிளையன்ட். ஆகவே நம் வீட்டில் மடிக்கணினி சர்வர். மேசைக்கணினியில் ஓடும் கிம்ப் கிளையன்ட். இது மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை எளிது.

படி 1: மடிக்கணினி

அதில் லினக்ஸ் இருந்தால் பெரும்பாலும் எதையும் நிறுவ வேண்டாம். வேலண்ட் திரை முறையைப் பயன்படுத்தினாலும் எக்ஸ்வேலண்ட் என்ற துணை சர்வர் பொதுவாக உடன் இருக்கும். மேக் என்றால் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற எக்ஸ் சர்வரை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். விண்டோஸ் 11-இல் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக லினக்ஸை நிறுவினால் எக்ஸ் சர்வரும் கூடவே கிடைக்கும்.

படி 2: மேசைக்கணினி

ஓபன்எஸ்எஸ்எச் சர்வர், எக்ஸ்ஆத் இரண்டும் வேண்டும். எஸ்எஸ்எச் என்பது வேறொரு கணினிக்குள் மறையாக்கப்பட்ட பாதை வழியே நுழையும் முறை; அதன் சர்வர் வேறு, எக்ஸ் சர்வர் வேறு. எக்ஸ்ஆத் என்பது எக்ஸுக்கான அனுமதிச் சாவிகளைக் கையாளும் சிறு நிரல். சோதிப்பதற்கு, டெபியன் அல்லது உபுண்டு வகை லினக்ஸில் எக்ஸ்11-ஆப்ஸ் தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் என்ற வரி ‘யெஸ்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள்.

படி 3: இணைப்பு

மடிக்கணினியின் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், இதை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்:

எஸ்எஸ்எச் -எக்ஸ் பயனர்பெயர்@192.168.1.20

எண்கள் இருக்கும் இடத்தில் உங்கள் மேசைக்கணினியின் முகவரி வர வேண்டும். ‘எக்ஸ்’ கட்டாயம் பெரிய எழுத்து. சிறிய எழுத்தில் தட்டினால் அது நேர் எதிர்ப்பொருள்: எக்ஸை அனுப்பாதே என்று ஆகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் எக்ஸ்ஐஸ் நிரலை இயக்குங்கள். எக்ஸ் என்ற எழுத்தையும் கண்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சிறிய எழுத்துகளில் சேர்த்துத் தட்டினால் போதும். சுட்டி போகும் பக்கமெல்லாம் பார்க்கும் இரண்டு கண்கள் உங்கள் திரையில் தோன்றும். முதன்முதலில் அவற்றைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. அவை தோன்றிவிட்டால் கிம்ப்பையும் அதே டெர்மினலில் அழைக்கலாம்.

கண்கள் தோன்றவில்லையா? திரையைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வந்தால், அதே டெர்மினலில் டிஸ்பிளே என்ற சூழல் மாறியின் மதிப்பைப் பாருங்கள். எந்தத் திரையில் வரைய வேண்டும் என்று நிரல்களுக்குச் சொல்வது அதுதான். லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்பது போல இருந்தால் சரி. வெறுமையாக இருந்தால் எக்ஸ்ஆத் இல்லை, அல்லது அமைப்புக் கோப்பில் அனுமதி இல்லை. அதை நீங்களாக நிரப்ப முயல வேண்டாம். எஸ்எஸ்எச்தான் அதை நிரப்ப வேண்டும். அந்த 10 என்பது மேசைக்கணினியிலேயே எஸ்எஸ்எச் திறந்து வைத்திருக்கும் ஒரு போலித் திரை. அங்கே வரைவதெல்லாம் மறையாக்கப்பட்ட பாதை வழியே உங்களிடம் வந்து சேர்கிறது.

பழைய வழிகாட்டிகள் சில, எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையுடன் கூட்டல் குறி போட்டு எல்லாக் கணினிகளுக்கும் கதவைத் திறந்துவிடச் சொல்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எக்ஸ் சர்வருக்குள் முழு அனுமதியுடன் நுழைந்த ஒரு நிரலால், மற்றச் சாளரங்களில் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லையும் படிக்க முடியும். எஸ்எஸ்எச் வழியாகக்கூட, நீங்கள் நம்பும் கணினிக்கு மட்டுமே எக்ஸைத் திறந்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸில் நிரலும் சர்வரும் ஓயாமல் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் கேபிள் இணைப்பில் அது உறுத்தாது. தொலைதூர இணைப்பில் ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருக்க நேரும். அப்போது பெரிய எழுத்து ‘சி’யையும் கட்டளையில் சேர்த்தால் தரவு சுருக்கி அனுப்பப்படும், காத்திருப்பு நேரம் அதனால் குறையாது. மடிக்கணினி உறங்கி இணைப்பு அறுந்தால் கிம்ப்பும் மூடிவிடும், சேமிக்காத படம் போய்விடும். நீண்ட வேலைக்கு எக்ஸ்ப்ரா என்ற மென்பொருளை இரண்டு கணினிகளிலும் நிறுவிக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்தாலும் நிரல் மேசைக்கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும்; மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.