ஓய்வுநிலை ஸ்கேனில் அல்சைமரின் போக்கை அளப்பது எப்படி

எந்தப் பணியும் தராமல், ஓய்வாகப் படுத்திருக்கும் ஒரே நபரை ஓராண்டு இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் செய்து, மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு, அதாவது அவற்றின் சிக்னல்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு (ஒட்டுறவு), தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், தலை அசைந்தாலும் அதே தளர்வு தெரியும். அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவு செயற்கையாகக் கூடும், தொலைவில் உள்ளவற்றின் ஒட்டுறவு குறையும். அல்சைமரும் தொலைதூர இணைப்புகளைத்தான் தாக்குகிறது. போதாததற்கு, நினைவு மங்கியவர்கள் ஸ்கேனருக்குள் அதிகம் அசைவார்கள். உழைப்பில் பாதி இந்த அசைவைக் கழிப்பதிலேயே போகும்.

எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் இயக்கத்தைத் தொடர் படங்களாகப் பதியும் ஸ்கேன்) பத்து நிமிடத்துக்குக் குறைய வேண்டாம். இரண்டு விநாடிக்கு ஒரு படம் என்றால் 300 படங்கள் கிடைக்கும். கண்ணைத் திறந்து ஒரு குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூடச் சொன்னால் பலர் தூங்கிவிடுவார்கள், தூக்கமும் இணைப்பை மாற்றிவிடும். மறுமுறையும் அதே இயந்திரம், அதே அமைப்பு. இடையில் டோனெபெசில் போன்ற அல்சைமர் மருந்து தொடங்கியிருந்தால் குறித்து வையுங்கள். அதுவும் இணைப்பு அளவை மாற்றக்கூடும்.

சிக்னல் நிலைப்படும் வரை வந்த முதல் ஐந்து படங்களைத் தள்ளிவிடுங்கள். பிறகு படத்துக்குப் படம் தலை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுங்கள்: மூன்று நகர்வுகள், மூன்று சுழற்சிகள், ஆறின் மாற்றங்களையும் குறி பார்க்காமல் கூட்டினால் போதும். சுழற்சியை 50 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் மேல் மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு பாகை திரும்பினால் 0.87 மி.மீ. வரும். கூட்டுத்தொகை 0.5 மி.மீ. தாண்டிய படத்தையும், அதற்கு முந்தைய ஒன்றையும், பிந்தைய இரண்டையும் வெட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கான படங்கள் மிஞ்சாவிட்டால் அந்த ஸ்கேனை ஒதுக்கிவிடுவதே மேல், மனம் வராவிட்டாலும். வெட்டிய இடங்களை இடைமதிப்பிட்டு நிரப்பிய பிறகே 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான ஏற்ற இறக்கங்களை மட்டும் விட்டுவைக்கும் வடிகட்டலைச் செய்யுங்கள். வரிசை மாறினால் ஒரு படத்தின் பிழை பக்கத்துப் படங்களுக்கும் பரவும்.

அடுத்த பொறி, சுருங்கிய மூளை. எல்லோருக்கும் பொதுவான மூளை வரைபடத்தில் (வார்ப்புரு) ஹிப்போகாம்பஸ் என்ற நினைவுப் பகுதி இருக்கும் இடத்தில் நோயாளிக்குத் திரவம் இருக்கலாம். அங்கே சராசரி எடுத்தால் நீங்கள் அளப்பது இணைப்பை அல்ல, தண்ணீரை. ஒவ்வொருவரின் கட்டமைப்புப் படத்திலும் சாம்பல் பொருளைத் தனியே பிரித்து, அந்த வாக்ஸல்களின் (படத்தின் மிகச் சிறு கனசதுரங்கள்) சராசரியை மட்டும் எடுங்கள். வெண்பொருள், திரவம் ஆகியவற்றின் சிக்னலையும் அசைவு அளவுகளையும் பின்னடைவு (ரிக்ரெஷன்) என்ற புள்ளியியல் முறையில் கழியுங்கள். முழுமூளைச் சராசரியைக் கழிப்பது தனிச் சண்டை: கழித்தால் இல்லாத எதிர் ஒட்டுறவுகள் முளைக்கும், கழிக்காவிட்டால் மூச்சின் தடம் மிஞ்சும். இரண்டு வழியிலும் செய்து இரண்டு முடிவையும் காட்டுங்கள்.

தொடக்கப் புள்ளியாகப் பின்புற சிங்குலேட் பகுதியில் 6 மி.மீ. ஆரமுள்ள கோளம் நல்ல தேர்வு. ஓய்வில் சேர்ந்து இயங்கும் டீஃபால்ட் மோட் வலையமைப்பின் மையம் அது. அல்சைமரில் சேரும் அமிலாய்டு புரதமும் அங்கே சீக்கிரமே படியும். அதற்கும் மற்றப் பகுதிகளுக்கும் இடையே கிடைக்கும் ஒட்டுறவை, ஒப்பிட ஏதுவான ஃபிஷர் இசட் மதிப்பாக மாற்றுங்கள். 0.60 என்பது 0.69 ஆகும், 0.45 என்பது 0.48 ஆகும்.

எண் கூடியிருந்தால் குணமாகிறது என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வலையமைப்பின் பின்பகுதி தளரும் காலத்தில் முன்பகுதி இறுகுவதுண்டு. லேசான நினைவுக் குறைபாட்டின்போது ஹிப்போகாம்பஸ் வழக்கத்துக்கு மேல் இயங்குவதும் உண்டு. பின்னாளில் இவையும் சரியும். ஆகவே இணைப்பு மதிப்போடு மருத்துவ நிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். நோயை உறுதிசெய்ய பெட் ஸ்கேனோ தண்டுவடத் திரவப் பரிசோதனையோ தேவை. ஒருவரின் இணைப்பு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மூளையை 90 பகுதிகளாகப் பிரித்தால் 4,005 இணைகள். ஐந்து சதவீத அளவுகோலில் தற்செயலாகவே சுமார் 200 இணைகள் 'மாறியதாக' வரும். எந்த ஐந்தாறு இணைகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். வயது, பாலினம், படிப்பு, சராசரி அசைவு நான்கையும் புள்ளியியல் மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முடிவை நம்பும் முன் ஒன்று: ஒவ்வோர் இணைப்பின் மதிப்புக்கும் அந்தந்த நபரின் சராசரி அசைவுக்கும் உள்ள ஒட்டுறவைக் கண்டு, பகுதிகளுக்கு இடையிலான தூரத்துக்கு எதிரே வரைந்து பாருங்கள். புள்ளிகள் சரிவாக இறங்கினால் அசைவு இன்னும் போகவில்லை. வெட்டும் எல்லையை 0.2 மி.மீ. ஆக்கி மறுபடி தொடங்குங்கள்.