சப்பாத்தி மாவும் பூ கட்டும் நூலும்: வீட்டிலேயே ஒரு நியூரான் செய்வோம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பாடம் படிக்க வரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளர்கிறவர்கள். நியூரான், அதாவது நரம்பு செல் படத்தைப் பார்க்காமலே வரைவார்கள். ஆனால் அந்த வால் எதற்கு அவ்வளவு நீளம் என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் கையாலேயே செய்ய ஆரம்பித்தோம். தேவையானவை: சப்பாத்தி மாவு, ஒரு கொண்டைக்கடலை, கொஞ்சம் கசகசா, பூ கட்டும் நூல், இரண்டு ஸ்ட்ரா.

முதலில் மாவைச் சின்ன எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டுங்கள். இதுதான் செல் உடல், பாடப்புத்தகத்தில் சைட்டான். கடலையை நடுவில் அழுத்தினால் உட்கரு. கசகசாதான் நிசில் துகள்கள், புரதம் தயாராகும் இடம்.

இரண்டாவது, நூலில் ஐந்தாறு குட்டித் துண்டுகள் வெட்டி, நுனியைப் பிரித்துவிட்டு, உருண்டையைச் சுற்றிச் செருகுங்கள். இவை டெண்ட்ரைட்டுகள், மற்ற செல்களிடமிருந்து செய்தியை வாங்குபவை. 1873இல் கமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கிளைகள் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

மூன்றாவது, ஒரு மீட்டர் நூல். இது ஆக்சான், செய்தியை வெளியே கொண்டுபோவது, ஒரு செல்லுக்கு ஒன்றுதான். முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் ஆக்சான் நிஜத்திலும் ஏறத்தாழ அந்த நீளம்தான், ஆனால் அதன் செல் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். நம் உருண்டை மூன்று சென்டிமீட்டர் என்றால் கணக்குப்படி 300 மீட்டர் நூல் வேண்டும். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்குமா அக்கா?" என்றாள். கோயிலையும் தாண்டித்தான்.

அடுத்த படியில் நிதானம் வேண்டும். ஸ்ட்ராவைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி நூலில் கோத்துக்கொள்ளுங்கள். இது மையலின் உறை. கை கால் நரம்புகளில் ஒவ்வொரு துண்டும் ஒரு ஷ்வான் செல் தன்னையே சுற்றிச் சுற்றிப் போர்த்தி உண்டாக்குவது. எல்லாரும் செய்யும் தப்பு, பாசிமணி மாதிரி நெருக்கிக் கோப்பது. இடைவெளி விடுங்கள்! அவைதான் ரான்வியர் கணுக்கள். மின்துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகிறது, அதனால் தடித்த உறையுள்ள இழையில் நொடிக்கு 100 மீட்டரைக்கூடத் தொடும், உறையே இல்லாத மெல்லிய இழையில் ஒரு மீட்டர் அளவுதான். கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஒரு வலி, கொஞ்சம் பொறுத்து விண்விண்ணென்று இன்னொன்று வருகிறதே, முதலாவது உறையுள்ள இழையில் வந்தது, இரண்டாவது உறையில்லாத இழையில் மெதுவாக வந்து சேர்ந்தது.

நூலின் கடைசி நுனியையும் பிரித்துவிடுங்கள். அது அடுத்த செல்லைத் தொடக்கூடாது. நடுவில் இருக்கும் நூலிழை இடைவெளிதான் சினாப்ஸ், பெரும்பாலும் ரசாயனம்தான் அங்கே செய்தியைக் கடத்துகிறது.

சரி, வகைகள். இப்போது செய்தது பலமுனை நியூரான், மூளையில் அதிகம் இருப்பது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு நூல் மட்டும் வைத்தால் இருமுனை, கண்ணின் விழித்திரையிலும் மூக்கின் மோப்பப் பகுதியிலும் உண்டு. ஒரே காம்பு வெளியே வந்து இரண்டாகப் பிரிந்தால் ஒருமுனை, சரியாகச் சொன்னால் போலி ஒருமுனை. தோலின் தொடு உணர்வைக் கொண்டுவருவது இதுதான்.

வேலையைப் பார்த்தால் உணர்ச்சி, இடை, இயக்க நியூரான் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் ஒன்று செய்து தரையில் வரிசையாக வையுங்கள். காய்ந்த தோசைக்கல்லில் விரல் படுகிறது. உணர்ச்சி நியூரான் தண்டுவடத்துக்குச் சொல்கிறது, இடை நியூரான் வாங்கிக் கொடுக்கிறது, இயக்க நியூரான் கைத்தசையை இழுக்கிறது. சுட்டது என்று மூளைக்குத் தெரிவதற்குள் விரல் கல்லை விட்டு வந்துவிட்டது.